எண்ணெய்க் கை

பட்டு நெய்கிற வீட்டில் நெருப்புக்கு அடுத்த பயம் எண்ணெய்தான். நெருப்பாவது அடுப்பில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் விரலில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், கதவுத் தாழ்ப்பாளில் இருக்கும், யார் பூசிவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆரணியில் எங்கள் வீட்டின் முன்னறையில், தரைப் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் அந்த அறைக்குள் போகக் கூடாது. அப்பளம் பொரித்த கையோடு போகக் கூடாது. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்து, வாசற்படியில் நின்று நைனாவிடம் நீட்ட வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையைப் பிடித்து மோந்து பார்ப்பார். பிறகுதான் உள்ளே விடுவார். இது கண்டிப்பு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. செருப்பை வெளியே விடுவது போல அதுவும் ஒரு பழக்கம்.

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, அம்மாவின் வலது கை மேலே எழும்ப மறுத்தது. ஒரே நாளில் வந்தது இல்லை. முதலில் மேல் பலகையில் இருக்கும் டப்பாவை எடுக்க என்னைக் கூப்பிட்டாள். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அப்புறம் தலை சீவும்போது கையைத் தலைக்குக் கொண்டுபோகாமல், தலையைக் கைக்குக் கொண்டுவந்தாள். இடுப்பை வளைத்து, கழுத்தைச் சாய்த்து, மாடு தொட்டியில் தண்ணீர் குடிப்பது போலக் குனிந்து கொண்டை போடுவாள். ஒருநாள் காலையில் ரவிக்கையின் கைக்குள் தன் கையை நுழைக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் போய் மாட்டிவிட்டேன்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நெய்கிறவர் கையில், குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடுகிறது என்றால், அந்த நாடாவுக்குள் இருக்கிற சின்னக் குச்சியில் யாரோ பட்டு நூலைச் சுற்றித் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத் தார் என்போம். எங்கள் வீட்டில் தார் சுற்றுவது அம்மா. இடது கையில் நூல், வலது கையால் ராட்டை. கல்யாணமாகி வந்த வாரத்தில் உட்கார்ந்தவள், பிள்ளை பெற்ற நாட்கள் தவிர எழுந்திருக்கவில்லை. நைனா நெய்த புடவைகளை ஊரெல்லாம் மெச்சும். தார் சுற்றியது யார் என்று எந்தக் கல்யாணப் பெண்ணும் கேட்டதில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். அம்மாவுக்கு வந்ததில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் வயிறு எரிந்தது, கை அப்படியே இருந்தது. வேலூரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அவள் இடது கையால் சோறு பரிமாறுவதைப் பார்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் நிறுத்திவிட்டார்.

“இன்னாக்கா இது? கை மரக்கட்டையாட்டம் ஆயிடப் போவுது. எல்லாரும் பாத்துகினே இருக்கீங்களா?”

“வயசாயிடுச்சிடா,” என்றாள் அம்மா. அவளுக்கு நாற்பதுகூடச் சரியாக முடியவில்லை.

கண்ணமங்கலம் தாண்டி ஒரு வைத்தியசாலை இருப்பதாக மாமா சொன்னார். எண்ணெய் தேய்த்து, மூலிகை மூட்டையால் ஒத்தடம் கொடுத்து, நீராவிப் பெட்டிக்குள் உட்கார வைப்பார்களாம். தங்கித்தான் பார்க்க வேண்டுமாம். அம்மா உடனே மறுத்தாள். தார் யார் சுற்றுவது, சோறு யார் ஆக்குவது, இதெல்லாம் பெரிய இடத்துப் பெண்கள் செய்துகொள்வது என்று வரிசையாகச் சொன்னாள். நைனா கை கழுவிவிட்டு வந்து, “போயிட்டு வா. தாரு நான் யாருகிட்டயாவது சுத்திக்கிறேன்,” என்றார். அவர் கெட்டவர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடப் போகிறேன்.

நானும் துணைக்குப் போனேன். மாந்தோப்புக்குள் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். ஒரு அறையில் பள்ளம் வெட்டிய நீண்ட மரப்பலகை, அதில் படுக்க வைத்து எண்ணெய் ஊற்றுவார்கள். பக்கத்தில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு மரப்பெட்டி. பெண்களுக்கு எண்ணெய் தேய்க்க ஓர் அக்கா இருந்தார். பருத்த கைகள், பெரிய குரல். அம்மா ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்று முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நானும் பொம்பளதாம்மா,” என்றார் அந்த அக்கா. “உன்னுது மட்டும் இன்னா புதுசாவா இருக்கப் போவுது?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பலகையில் படுக்க வைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அம்மாவின் முதுகை முதல்முறையாகப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் அவள் முதுகுக்குப் பின்னால் வளர்ந்தவள், ஆனால் பார்த்ததில்லை. தோள்பட்டையில் தோல் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. வலது பக்கம் ஒட்டி உயர்ந்திருந்தது, இடது பக்கம் தாழ்ந்திருந்தது, ராட்டைக்கு ஏற்றபடி உடம்பே கோணிப்போயிருந்தது. சூடான எண்ணெய் விழுந்ததும் அவள் உடம்பு முழுவதும் பதறியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டாள். திடீரென்று கண் விழித்து, “தாரு தீந்துபோச்சா?” என்றாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாள் போகப்போக அந்தத் தோல் மாறியது. செதில் உதிர்ந்தது. உள்ளங்கையில் ராட்டைப் பிடி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த இடம் எண்ணெயில் ஊறி, வெள்ளையாகி, ஒருநாள் வெங்காயச் சருகு போலத் தனியாக வந்துவிட்டது. உள்ளே குழந்தையின் தோல் மாதிரி ரோஜா நிறம். அம்மா அந்தக் கையைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். “யாரோ கை மாதிரி இருக்குதுடீ,” என்றாள். கிளம்புகிற வாரத்தில் அவள் வலது கை காது வரைக்கும் எழுந்தது. முதல் வேலையாகத் தலையைச் சொறிந்துகொண்டாள். நன்றாக, சத்தம் கேட்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அழுதேன்.

கிளம்பும்போது அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இங்க ஆனது பாதிதாம்மா. மீதி உன் வீட்லதான் இருக்குது. இங்க எத்தினி நாள் இருந்தீங்களோ, அங்கயும் அத்தினி நாள் எண்ணெய் நிக்கக் கூடாது. சூடு பண்ணி, தோள்ல இருந்து கீழ இறக்கித் தேய்க்கணும். ஒரு மணி நேரம் ஊறணும். நொச்சித் தழை போட்டுக் காய்ச்சின தண்ணிதான் ஊத்தணும், பச்சத் தண்ணி கூடவே கூடாது. சோப்பு வேணாம், பயத்தம் மாவு போடு. காத்து மேல பட உடாத. ராட்டைய தொட உடாத. நடுவுல உட்டுட்டா பழையபடி இறுகிக்கும், அப்பறம் யாராலயும் எடுக்க முடியாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. கொடுத்த எண்ணெய்க் குப்பிகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பஸ் ஆரணிக்குள் நுழைகிற வரைக்கும் ஒரு விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. இவ்வளவு எண்ணெயையும் நான் எங்கே கொண்டுபோகிறேன் என்பதுதான் அது.

எங்கள் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. முன்னால் தறி அறை, நடுவில் ஒரு சின்ன அறை, கடைசியில் சமையல், அதற்குப் பின்னால் கிணற்றடி. அம்மாவுக்கு ராட்டை கூடாது என்றால் தார் சுற்றுவது நான். அம்மாவுக்கு எண்ணெய் தேய்ப்பதும் நான். ஒரே இரண்டு கைகள்தான் எனக்கும். யோசித்து ஓர் ஏற்பாடு செய்தேன். காலையில் எழுந்ததும் தார் சுற்றி, மறுநாள் காலை வரைக்கும் வேண்டியதை ஒரு கூடையில் போட்டு நைனாவிடம் கொடுத்துவிடுவேன். மத்தியானச் சாப்பாடு ஆன பிறகுதான் எண்ணெய்க் குப்பியைத் திறப்பேன். அதற்கப்புறம் அடுத்த நாள் வரைக்கும் பட்டைத் தொட மாட்டேன், நைனா கூப்பிட்டாலும் நடு அறையிலேயே நின்று பதில் சொல்வேன்.

அம்மாவுக்குத் தனித் தட்டு, தனித் தலையணை, தனித் துண்டு. பழைய நூல் புடவை இரண்டைக் கிழித்து அவளுக்கு உடுத்த வைத்தேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலையில் துண்டைக் கட்டி அடுப்பங்கரை ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னா மகாராணி, குளியல் ஆச்சா?” என்பார்கள். வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். அம்மா கூசிக் கூசிச் சின்னதாகிப் போவாள். வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது ஒரு வெட்கம், தன் உடம்புக்கு இன்னொருத்தி பணிவிடை செய்வது அதைவிடப் பெரிய வெட்கம். எனக்கு வருகிற கோபத்தில் நொச்சித் தழையை உருவுகிறபோது கிளையையே முறிப்பேன்.

ஆனால் கை ஏறியது. சுவர் ஓரமாக நின்று இரண்டு விரலால் சுவரில் மெல்ல ஏறச் சொல்லியிருந்தார்கள். அம்மா எண்ணெய் விரல்களோடு சமையலறைச் சுவரில் ஏறுவாள். சுண்ணாம்புச் சுவரில் ஒவ்வொரு நாளும் எண்ணெய்ப் பொட்டு கொஞ்சம் மேலே போனது. தோள் உயரம், காது உயரம், நெற்றி உயரம். மேல் பலகையைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. “அந்த டப்பாவ நானே எடுக்கிற அன்னிக்கு உனக்கு வெல்ல அடை சுட்டுத் தரேன்,” என்றாள். அம்மா பந்தயம் கட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நைனா அப்போது நெய்துகொண்டிருந்தது ஒரு கல்யாணப் புடவை. உடம்பு சந்தன நிறம், கரை அரக்கு. முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். சந்தன நிறத்தில் தண்ணீர் பட்டாலே தெரியும். நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டு நெய்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மிதி கட்டையின் சத்தமும் மேலே ஜக்காடு பெட்டியின் கடகடப்பும்தான் கேட்கும். ஜக்காடு என்பது கரையிலும் முந்தியிலும் பூ விழச் செய்கிற இயந்திரம், தறிக்கு நேர் மேலே விட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் காலை அந்தச் சத்தம் நின்றது. தார் தீர்ந்திருக்கும் என்று கூடையை எடுத்துக்கொண்டு போனேன். நைனா குழிக்குள் இருந்தபடியே நெய்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தன நிறத்தின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு கறை. எண்ணெய்க் கறை.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். அவர் கத்தவில்லை. சத்தம் நின்றது ஏன் என்று பார்க்க அம்மாவும் நடு அறை வரைக்கும் வந்து, தலையில் துண்டோடு வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நைனா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு டீ கொடுக்க அம்மா படி தாண்டி இரண்டு அடி உள்ளே வந்திருந்தாள். நான் வெளியே போயிருந்தேன், டீ ஆறிப்போகிறதே என்று வந்தாளாம், ராத்திரி அவளே என்னிடம் சொன்னாள். அது மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது.

“பவுடர் எடுத்தா பாப்பா,” என்றார் என்னிடம்.

முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கறை மேல் கொட்டி, எண்ணெயை அது உறிஞ்சட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு மெல்லிய துணியால் தட்டி எடுப்பார்கள். கறை எடுப்பது எப்போதும் அம்மாவின் வேலை என்பதால் அவளே, வாசற்படியில் கையைச் சாம்பலால் கழுவிவிட்டு வந்து, இடது கையால் அந்த வேலையைச் செய்தாள். முகத்தைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துக் குனிந்து, வெகுநேரம் தட்டினாள். கறை முக்கால்வாசி போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

“இன்னும் கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராம இரு,” என்றார் நைனா அவளிடம். மெதுவாகத்தான் சொன்னார். “முகூர்த்தப் பொடவ. போயிடுச்சின்னா பேஜாரு.”

அம்மா தலையை ஆட்டினாள். நேராகக் கிணற்றடிக்குப் போனாள். நான் கூடையை வைத்துவிட்டுப் பின்னால் ஓடுவதற்குள் இரண்டு வாளி பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டிருந்தாள். துணி துவைக்கிற சோப்பால் தோளையும் கையையும் பரபரவென்று தேய்த்தாள். அந்த ரோஜா நிறத் தோல் சிவந்து தடித்தது.

“பச்ச தண்ணி கூடாதுன்னு சொன்னாங்க இல்ல! பைத்தியமா உனக்கு?” என்று வாளியைப் பிடுங்கினேன்.

“எண்ணெ போதும். எனக்கு சரியாயிடுச்சி.”

“எங்க சரியாச்சு? அந்த டப்பாவ எடு பாப்போம்!”

“எனக்கு டப்பா இன்னாத்துக்கு? நீ இருக்க இல்ல,” என்றாள். ஈரப் புடவையோடு என்னைத் தாண்டிப் போனாள்.

மத்தியானம் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு போய் நின்றேன். தோளைக் காட்ட மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். திட்டினேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், என் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டாள். மாமாவுக்குச் சொல்லி அனுப்புவேன் என்று மிரட்டினேன். எதற்கும் அசையவில்லை. நைனாவிடம் போய், “நீயாவது சொல்லு நைனா,” என்றேன். அவர் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவளுக்குத் தெரியாதா? முடிச்சிட்டு பாத்துக்கலாம் உடு. ஜல்தியா தார குடு,” என்றார். முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தறியிலிருந்து பட்டு இறங்குகிற வரைக்கும் ஒரு பெண்ணின் தோள் காத்திருக்க வேண்டுமாம். அன்றைக்கு நான் சுற்றிய தார்கள் எல்லாம் கோபத்தில் இறுகிப்போய், நாடாவில் நூல் அறுந்து அறுந்து வந்ததாக நைனா சொன்னார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் நான் தண்ணீர் எடுத்துவிட்டு வருவதற்குள் அம்மா ராட்டையில் உட்கார்ந்திருந்தாள். காய்ப்பு உரிந்துபோன உள்ளங்கையால் பிடியைப் பிடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அந்த இளந்தோலில் கொப்புளம் வந்து, உடைந்து, நீர் வடிந்தது. அதில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தாள். காய்ப்பு இருந்தபோது தாங்கிய கை, அதைச் சீராக்கிய பிறகு தாங்கவில்லை. இந்தத் தோல் போய்க் காய்ப்பு வரட்டும் என்று அவள் காத்திருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சுவரில் விரலால் ஏறுவதையும் விட்டுவிட்டாள். சுண்ணாம்பில் ஊறிய அந்த எண்ணெய்ப் பொட்டுகள் நெற்றி உயரத்தோடு நின்றன.

அப்புறம் ஒருநாள், புடவை முடிகிற சமயத்தில், சத்தம் மறுபடியும் நின்றது. நான் போய்ப் பார்த்தேன். இன்னொரு கறை. முதல் கறையை அச்சில் வைத்து எடுத்த மாதிரி அதே அளவு.

வீட்டில் அப்போது எண்ணெய்க்கு இடமே இல்லை. அம்மா எண்ணெயை நிறுத்திப் பல நாளாகிவிட்டது. கோபத்தில் நான் குப்பிகளைத் துணியில் கட்டி மூலையில் போட்டிருந்தேன். தாளிப்பதைக்கூடக் குறைத்திருந்தோம். நைனா கறையைப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஜக்காடு பெட்டியின் அடிப்பக்கத்தில், இரும்பும் மரமும் சேர்கிற இடத்தில், ஒரு சொட்டு கருப்பாகத் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் புடவையைத் தொடங்கும்போது, பெட்டி இறுகி ஓடுகிறது என்று அவரே ஏணி போட்டு ஏறி விட்ட மெஷின் எண்ணெய். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது விழவில்லை.

உள்ளே சமையலறையில் அம்மா இருந்தாள். நைனா அவளைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் குழியிலிருந்து எழுந்து, ஏணியைக் கொண்டுவந்து, பழைய துணியை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் கட்டினார். இறங்கி வந்து பவுடர் டப்பாவைத் தானே எடுத்து, தானே தட்டி எடுத்தார். மறுபடி நெய்ய உட்கார்ந்தார்.

“அம்மாகிட்ட சொல்லு நைனா,” என்றேன்.

“சரி சரி,” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும், மூலையில் கிடந்த மூட்டையை அவரே அவிழ்த்தார். கரண்டியில் எண்ணெயை ஊற்றி அடுப்பில் காட்டினார். ஆண்பிள்ளை அடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா எதிரில் போய்க் குந்தினார். “காட்டு கைய,” என்றார். கறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அம்மா அந்தக் கரண்டியைப் பார்த்தாள். “இருக்கட்டுங்க,” என்றாள். “இப்ப வலி இல்ல.”

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. வாய் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம், அது அவரால் ஆகவில்லை. மறுநாளும் கரண்டியோடு வந்தார். அதற்கு மறுநாளும். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

நானும் அம்மாவிடம் சொல்லவில்லை. நைனா சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டால் அவர் தப்பித்துவிடுவார் என்கிற வீம்பு. அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து பழைய பேச்சாகிவிட்டது. கை இறுகியது. மாமா வந்து எங்கள் எல்லோரையும் திட்டிவிட்டு, மறுபடி அதே வைத்தியசாலைக்கு அழைத்துப்போனார். அந்த அக்கா தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நடுவுல உட்டுட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாராம். இந்தத் தடவை கை மார்பு உயரத்தோடு நின்றுவிட்டது. என் கல்யாணத்தில் அம்மா இடது கையால் அட்சதை போட்டாள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் அதைப் பெரிய அபசகுனமாகப் பேசினார். நைனா தலையைக் குனிந்துகொண்டு மண்டபத்துக்கு வெளியே போய் நின்றார்.

எண்பதுகளில் என் முதல் பிரசவத்துக்கு ஆரணிக்கு வந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிற வேலையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கிணற்றடியில் கீற்று மறைப்புக் கட்டி, மணையில் என்னை உட்கார வைத்து, இடது கையாலேயே தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்ப்பாள். வலது கை மடியில் கிடக்கும். எனக்குச் சலிப்பாக இருக்கும். ஒருநாள் விட்டால் என்ன என்பேன். “ஒரு நாளு உடக் கூடாது,” என்பாள். “உடம்பு பச்ச உடம்பு. காத்து பூந்துட்டா அப்பறம் யாராலயும் எடுக்க முடியாது.” அந்த அக்கா சொன்னதாக நான் அவளிடம் ஒப்பித்திருந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் எனக்கே திருப்பிச் சொன்னாள். நொச்சித் தண்ணீர், பயத்தம் மாவு, தலையில் துண்டு, எதிலும் குறை வைக்கவில்லை. தறி அறையிலிருந்து நைனா நெய்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமும் தன் எண்ணெயால்தான் அந்தப் புடவை கறைபட்டது என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்தப் பழியோடு இந்தக் கையைச் சுமக்கிறாளே என்று வாயைத் திறந்துவிட்டேன்.

“அம்மா, அந்த முகூர்த்தப் பொடவயில கறை பட்டுச்சே, அது உன் எண்ணெ இல்ல. பொட்டியில இருந்து சொட்டின மெஷின் எண்ணெ. இன்னொரு வாட்டியும் விழுந்துச்சி. நைனாவுக்கும் தெரியும்.”

என் முதுகில் அவள் கை நிற்கவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“யாரு சொன்னா? நைனாவா?”

“அவரு எங்க சொன்னாரு? மொத கறைய நான்தான தட்டி எடுத்தேன். மூக்குல இடிச்சிச்சி. என் எண்ணெ தழை வாசம் அடிக்கும். அது இரும்பு வாசம்.”

நான் மணையிலேயே திரும்பி உட்கார்ந்தேன். முகத்திலிருந்து எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. “அன்னிக்கே தெரியுமா? அப்பறம் எதுக்கும்மா எண்ணெய நிறுத்தின? எதுக்கு உன் கைய நீயே இப்டி பண்ணிக்கின?”

அம்மா பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் கையை நனைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து மறுபடி அந்தப் பக்கம் திருப்பினாள். தேய்க்க ஆரம்பித்தாள்.

“கறைய பாத்ததும் அந்த மனுஷன் பொட்டிய அண்ணாந்து பாப்பாருன்னு இருந்தேன்,” என்றாள். “என்னத்தான் திரும்பிப் பாத்தாரு.”